கேசட் டிவி கேமுக்கு ஏவி மாற்றம்: மூன்று மழைக்காலம் ஓடிய பிறகு

சென்னை பர்மா பஜாரில் வாங்கிய கேசட் டிவி கேம் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஆன்டெனா வயர் வழியாக வரும் படத்தில் புள்ளி மழை பெய்யும். படத்தை ஆன்டெனா வழியாக விடாமல் டிவியின் மஞ்சள் வீடியோ சாக்கெட்டுக்கு நேராகக் கொண்டுபோகும் ஏவி மாற்றம் செய்தால் அது போய்விடும். காசிமேட்டில் கடலை ஒட்டிய வீட்டில் அப்படி மாற்றிய பெட்டி மூன்று மழைக்காலமாக ஓடுகிறது. சர்க்யூட் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. படுத்தியதெல்லாம் கிரவுண்டும் (மின்சாரம் திரும்பிப் போகும் பொது இணைப்பு) உப்புக்காற்றும்தான்.

திறந்ததும் நாற்பது கால் ஐசி இரண்டு தெரிந்தால் வேலை சுலபம். யுஎம்சி 6538 என்று இருப்பதுதான் படத்தை உருவாக்குவது. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி சிக்னலாக) எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்க முடியாது. நிறத்தையும் வெளிச்சத்தையும் உள்ளேயே கலந்து 21ஆம் காலில் ஒரே சிக்னலாக, அதாவது காம்போசிட்டாகத்தான் இது தருகிறது.

அந்த 21ஆம் காலை போர்டிலிருந்து பிரித்துத் தூக்கிவிடுங்கள். தூக்காமல் வயர் மட்டும் இழுத்தால் பழைய சர்க்யூட்டும் சேர்ந்து சிக்னலை இழுக்கும், படம் மங்கும். தூக்கிய காலிலிருந்து ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வயர். கலெக்டர் கிரவுண்டுக்கு. எமிட்டரிலிருந்து இரண்டு இணைப்பு: 300 ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு ஒன்று. 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 75 ஓம் ரெசிஸ்டர் வழியாக மஞ்சள் சாக்கெட்டுக்கு இன்னொன்று. கெப்பாசிட்டரின் பிளஸ் எமிட்டர் பக்கம். கையில் இருக்கிறதே என்று 10 மைக்ரோஃபாரட் போட்டால் படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் சிக்னல் சாய்ந்து படம் உருளும்.

இங்கே எளிதில் கிடைப்பது பிசி557. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3906-இல் இதுவே தலைகீழ். இணையத்தில் பார்த்த படத்தை அப்படியே நம்பிப் பற்றவைத்துவிட்டுத் திரை கறுப்பாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

கேமின் நீல வானத்தில் ஜெயில் கம்பி மாதிரி செங்குத்துக் கோடுகள் தெரியும். அது டிஜிட்டல் இரைச்சல். 6538 ஐசியின் 40ஆம் காலுக்கும் 20ஆம் காலுக்கும் இடையில், ஐசியை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் 10 மைக்ரோஃபாரட்டும் வையுங்கள். வீடியோவுக்கு ஷீல்டு வயர் போட்டு, கிரவுண்டை அந்த 20ஆம் காலிலிருந்தே எடுங்கள். கோடு நன்றாகக் குறையும், முழுதாகப் போகாது. படத்தில் அகலமான பட்டை மெல்ல நகர்ந்தால் அது வேறு நோய்: 5 வோல்ட் தரும் ரெகுலேட்டரான 7805-க்கு முன்னால் உள்ள 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும்.

இனி உப்புக்காற்று. பாத்திரக் கடைகளில் விற்கும் ஆசிட் பேஸ்ட்டைத் தொடவே வேண்டாம். மிச்சம் இருக்கும் பேஸ்ட் ஈரத்தை இழுத்து, ஷீல்டு வயரின் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். காசிமேட்டுப் பெட்டியில் இரண்டாவது மழையில் நிறம் வந்து வந்து போனது. சாக்கெட்டின் கிரவுண்டில் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. களிம்பைச் சுரண்டி, ரோசின் ஃப்ளக்ஸ் வைத்து மறுபடி பற்றவைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, மேலே பிசிபி லேக்கர் ஒரு பூச்சு அடித்த பிறகு அது திரும்பவில்லை. கேசட் ஸ்லாட்டில் மட்டும் லேக்கர் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.