உல்வான், ராம்னான் சல்பேட், அராபினான்: எது எதற்கு ஏற்றது?

பச்சைக் கடற்பாசியின் பாலிசாக்கரைடு (சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறு) என்று பொதுவாகச் சொல்லும்போது, வெகுவாக வேறுபட்ட பொருள்கள் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. உல்வாவிலிருந்து உல்வானும், மோனோஸ்ட்ரோமாவிலிருந்து ராம்னான் சல்பேட்டும், கோடியத்திலிருந்து சல்பேட் ஏறிய அராபினானும் கிடைக்கின்றன. மூன்றிலும் சல்பேட் உண்டு. ஆனால் அது எந்தச் சர்க்கரையின் மீது, எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதில்தான் அவற்றின் குணம் பிரிகிறது.

இரத்த உறைவைத் தடுப்பதில் உல்வான் பின்தங்கியே நிற்கிறது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினில் காணப்படும் இடுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலம் உல்வானிலும் இருப்பதால் அது ஹெப்பாரினைப் போலவே செயல்படும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். அந்த ஒற்றுமை மட்டும் போதாது. ராம்னான் சல்பேட்டோ, ஹெப்பாரின் துணைக்காரணி 2 என்ற இரத்தப் புரதத்தைத் தூண்டி, உறைவை நடத்தும் த்ராம்பினை முடக்குகிறது. சில கோடியம் இனங்களின் அராபினான் இவ்வழியோடு த்ராம்பினை நேரடியாகவும் தடுக்கிறது. சங்கிலி குறுகக் குறுக இந்த ஆற்றல் பொதுவாகக் குறைகிறது என்பதால், பிரித்தெடுக்கும்போது அமிலத்தையும் வெப்பத்தையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும்.

உல்வானின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. உலர்ந்த உல்வாவின் எடையில் ஏறத்தாழ 9 முதல் 36 சதவீதம் வரை அதுவே என்பதால் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆய்வகத்தில் வளர்த்த மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுவது, போரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்தால் கூழாக உறைவது, தாவரங்களின் தற்காப்பை எழுப்புவது ஆகிய மூன்றுக்கும் நான் உல்வானையே தேர்வேன். காயப்பூச்சுக் கூழாக அதை உருவாக்கும் முயற்சிகள் எனக்குப் பெரும் நம்பிக்கை தருகின்றன.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பில் இவற்றை வரிசைப்படுத்த நான் தயங்குகிறேன். வெந்நீரில் வடித்த சாற்றில் எத்தனால் ஊற்றினால் பாலிசாக்கரைடு பஞ்சிழைபோல் திரண்டு பிரியும். அது வெளுப்பாக இல்லாமல் பச்சையோ பழுப்போ கலந்திருந்தால், நிறமிகளும், தாமே ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் பாலிஃபீனால்களும் ஒட்டியிருக்கக்கூடும். அவற்றை நீக்காமல், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அளக்கும் டிபிபிஎச் சோதனையைச் செய்தால் பாலிஃபீனாலின் வேலை பாலிசாக்கரைடின் கணக்கில் ஏறிவிடும். உல்வானைப் பொறுத்தவரை, இரத்த உறைவில் கண்டதற்கு நேர்மாறாக, மூலக்கூறு எடை குறைந்த துண்டுகளே இச்சோதனைகளில் பல வேளைகளில் முந்துகின்றன. எனவே சல்பேட் சதவீதமும் மூலக்கூறு எடையும் குறிப்பிடப்படாத எந்த முடிவையும் இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.