ஒற்றை ‘எஃப்’ எழுத்தில் போன 38,500 ரூபாய்

வீட்டு கம்ப்யூட்டரை வீடியோ எடிட்டிங்குக்காக அப்கிரேடு செய்யக் கிளம்பியிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போனது 38,500 ரூபாய். கடை, அசெம்பிள் செய்து தரும் உதிரிபாகக் கடை. பெயர் வேண்டாம். இந்த வித்தை ஒரு கடையோடு நிற்பதில்லை.

பேசி முடித்த பட்டியல் இது: இன்டெல் ஐ5-12400 புராசஸர், பி660 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்), 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). பழைய கேபினெட், மானிட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கும். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னேன். இப்போதைய கேமராக்கள் பல 4கே-யை ஹெச்.265 என்ற சுருக்க முறையில், நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2-ஆக எழுதுகின்றன. டைம்லைனில் அதை விரித்துக் காட்டும் வேலையை ஐ5-12400-க்கு உள்ளேயே இருக்கும் யுஎச்டி 730 என்ற உள் கிராபிக்ஸ் செய்துவிடும். இன்டெல் குயிக் சிங்க் என்று சொல்லும் வசதி அதுதான். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டு எதுவும், எவ்வளவு விலை கொடுத்தாலும், 4:2:2-ஐ ஹார்டுவேரில் விரிக்காது. ஆக இந்த மொத்த செலவின் உயிர்நாடியே அந்த உள் கிராபிக்ஸ்தான்.

எல்லாவற்றுக்கும் கடைக்காரர் தலையாட்டினார். அசெம்பிள் முடியும் நேரத்தில் டிராயரிலிருந்து ஒரு சின்ன கார்டை எடுத்தார். பெட்டி கிடையாது, வெள்ளி நிறக் கவர் மட்டும். கார்டின் அடியில் இருக்கும் தங்க நிற முனைகளை பனியனில் துடைத்து ஸ்லாட்டில் அழுத்தினார். “எடிட்டிங் பண்றவங்க, கார்டு இல்லாம எப்படி சார்? இது நம்ம கடை சார்பா ஃப்ரீ. திருப்தியா போங்க, நாலு பேரை அனுப்புங்க.” ஜிடி 710, 2 ஜிபி. இந்த வேலைக்கு உதவாத கார்டு என்று தெரியும். ஆனாலும் மனுஷன் பிரியமாகத் தருகிறாரே என்று வாங்கிக்கொண்டதுதான் தப்பு. அந்த நிமிஷத்தில்தான் மிச்சப் பணமும் யுபிஐ-யில் போனது.

அந்த இலவசம் எதற்கு என்று நேற்று ராத்திரிதான் புரிந்தது. உள்ளே இருந்தது ஐ5-12400 இல்லை, ஐ5-12400எஃப். கோர், திரெட் எல்லாம் அதே 6, 12. ‘எஃப்’ போட்டதில் உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. அதனாலேயே விலை குறைவு. போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ-யில் மானிட்டரைச் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும், அங்கேயே குட்டு உடைந்துவிடும். அது உடையாமலிருக்கத்தான் 192 கோர் உள்ள அந்த ஓட்டைக் கார்டு. கேபினெட்டின் பின்பக்கம் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக்கூடக் கழற்றாமல் விட்டிருந்தார். கேபிளைக் கார்டில் மாட்டியதும் அவரேதான்.

4கே கிளிப்பை பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டதும் நொண்ட ஆரம்பித்தது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதம், வீடியோவை விரிக்கும் வேலையைக் காட்டும் ‘வீடியோ டீகோட்’ 0. ஜிபியு பட்டியலில் ஜிடி 710 மட்டும், யுஎச்டி 730 இல்லை. பிரீமியரின் மீடியா செட்டிங்கில் ஹார்டுவேர் டீகோடிங்குக்குக் கீழே வர வேண்டிய இன்டெல் வரியும் இல்லை. ஆடியோவும் சேர்ந்து கெட்டது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால், அடுத்த ஒலித் துண்டைத் தயார் செய்ய 2.7 மில்லி விநாடிதான் அவகாசம். அதற்குள் முடிக்க முடியாமல் படபடவென்று வெடிப்புச் சத்தம். தாமதம் எதனால் என்று காட்டும் லேட்டன்சிமான் சாஃப்ட்வேரை ஓடவிட்டால் முதல் வரியில் நிற்பது என்விடியா டிரைவர். 470 வரிசையோடு நின்றுபோன பழைய டிரைவர், அதற்கு மேல் அந்தக் கார்டுக்குக் கிடையாது.

சந்தேகம் வந்ததும் மற்றதையும் பார்த்தேன். இரண்டு 16 ஜிபி என்று பேசியது ஒற்றை 32 ஜிபி-யாக ஒரே ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ரேம் சேர்ந்து தரும் டூயல் சேனல் வேகம் போச்சு. ‘புது’ எஸ்எஸ்டி-யை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் திறந்தால் பவர் ஆன் 6,312 மணி நேரம். 263 நாள் ஓயாமல் ஓடிய சரக்கு. எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 550 என்று கொட்டை எழுத்து, புராசஸரும் கார்டும் நம்பியிருக்கும் 12 வோல்ட் கட்டத்தில் 20 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 240 வாட்ஸ். நாளைக்கு ஒரு நல்ல கார்டு போட்டால் ரெண்டரிங் நடுவில் அணைந்துவிடும்.

போன் செய்தேன். முதல் பதில்: “சாஃப்ட்வேர் பிரச்னை சார், விண்டோஸ் புதுசா போடுங்க.” ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். “எஃப்-னா ஃபாஸ்ட் சார், அதான் லேட்டஸ்ட்.” வாய் கூசவில்லை. மூன்றாவது முறை குரல் மாறியது: “பில்லுல என்ன போட்டிருக்கு, அத பாருங்க.” பார்த்தேன். அது பில்லே இல்லை, எஸ்டிமேட் சீட்டு. ‘ஐ5 12த் ஜென் – 1’ என்று பேனாவில் கிறுக்கியிருக்கிறார். மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பில் போட்டால் 18 சதவீதம் கூட ஆகும் என்று அன்றைக்கு அவர் சொன்னபோது மிச்சம்தானே என்று தோன்றியது. மிச்சப்படுத்திய லட்சணம், 38,500 ரூபாய்க்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம். புராசஸர் பெட்டியில் வராமல் உதிரியாக விற்கும் ‘ட்ரே’ சரக்கு என்பதால் இன்டெல்லின் 3 வருட வாரண்டியும் கேட்க முடியாது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. புராசஸர் சீல் பெட்டியில் வர வேண்டும், பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கார்டைக் கழற்றச் சொல்லி, போர்டின் எச்டிஎம்ஐ-யில் மானிட்டர் எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எஸ்எஸ்டி மணிக்கணக்கை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள், புதிதென்றால் ஒற்றை இலக்கம்தான் காட்டும். முழு மாடல் எண்ணோடு ஜிஎஸ்டி பில். ஏற்கெனவே எஃப் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்டெல் ஆர்க் ஏ380 போன்ற கார்டு குயிக் சிங்கைத் திருப்பித் தரும், அதுவும் புதுச் செலவு. அதுவரை பிராக்ஸி, அதாவது கிளிப்பின் சின்ன நகல், செய்துதான் வெட்ட வேண்டும். இன்னொன்று, உங்கள் கேமரா 4:2:2-ஐ ஹெச்.264 என்ற பழைய சுருக்க முறையில் எழுதினால் ஐ5-12400-உம் கைகொடுக்காது, பார்த்து வாங்குங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கையிலிருப்பது யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான். இன்று காலை கடையிலிருந்து ஒரு மெசேஜ்: எஃப் இல்லாததாக மாற்ற இன்னும் 3,500 கட்ட வேண்டுமாம், அந்த ஃப்ரீ கார்டையும் பெட்டியோடு திருப்பித் தர வேண்டுமாம். பெட்டியோடாம்!