இருப்பதே இரண்டு மூன்று வழி என்றால் எந்த நெட் கனெக்ஷன் எடுப்பது?

பிராட்பேண்ட் ரிவ்யூக்கள் பெரும்பாலும் ஐந்தாறு கம்பெனிகள் போட்டி போடும் இடத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. எங்கள் தெருவில் அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய செப்புக் கம்பி போன் லைன் ஒன்று, கேபிள் கம்பெனி ஒன்று, அப்புறம் மொபைல் டவர், எதுவுமே சரிவரவில்லை என்றால் சாட்டிலைட். ஃபைபர் மெயின் ரோடு வரை வந்து நின்றுவிட்டது. இவற்றையெல்லாம் நான் ஏதோ ஒரு காலத்தில் சொந்தமாக வைத்திருந்திருக்கிறேன், அல்லது தெரிந்தவர் வீட்டில் உட்கார்ந்து நன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். கம்பெனி பெயர் போடப் போவதில்லை, அது ஊருக்கு ஊர் மாறும். கம்பியின் குணம் எங்கே போனாலும் ஒன்றுதான்.

முதலில் போன் லைன், அதாவது டிஎஸ்எல். இதில் எல்லாமே தூரம்தான். அதில் பழைய வகையான ஏடிஎஸ்எல் 2+ காகிதத்தில் 24 எம்பிபிஎஸ் வரை தரும், ஆனால் எக்ஸ்சேஞ்ச் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதில் சில எம்பிபிஎஸ் கிடைத்தாலே பெரிய விஷயம், எந்த பிளான் போட்டாலும் அது மாறாது, ஏனென்றால் செப்புக் கம்பியில் தூரம் போகப் போகச் சிக்னல் தேய்ந்துகொண்டே வரும். அப்லோடு ஒரு எம்பிபிஎஸ் பக்கம்தான். மழை பெய்தால் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி லைன் அறுந்து அறுந்து வரும். தெருமுனைப் பெட்டியிலிருந்தே விடிஎஸ்எல் (டிஎஸ்எல்லின் வேகமான வகை) கொடுக்கிறார்கள், பெட்டி சில நூறு மீட்டருக்குள் இருக்கிறது என்றால் கதை வேறு. அது உண்மையிலேயே நல்ல கனெக்ஷன், பழைய கம்பிதானே என்று ஒதுக்க வேண்டாம். இன்னொரு நல்ல குணம், எக்ஸ்சேஞ்ச் வரை அந்தக் கம்பி உங்களுக்கு மட்டும்தான், பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்ப்பதால் அந்தக் கம்பியில் உங்கள் பங்கு குறையாது.

கேபிள் இதற்கு நேர் எதிர். டவுன்லோடு அள்ளிக் கொடுக்கும், காலையில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் மனசு நிறையும். ஆனால் ஒரு பகுதியில் இருக்கும் வீடுகள் எல்லாம் ஒரே லைனின் கொள்ளளவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டதும் பாதியாகிவிடும். அப்லோடு எப்போதுமே சின்னது, அதற்குக் காரணம் இருக்கிறது: கேபிள் என்பது டிவி சேனலை வீட்டுக்குள் தள்ளுவதற்காகப் போட்ட வலை, வீட்டிலிருந்து திரும்பிப் போகும் பாதைக்கு அதில் ஒதுக்கியிருப்பது அலைவரிசையின் அடிப்பக்கத்தில் ஒரு குறுகிய சந்து மட்டுமே. வீட்டிலிருந்து வேலை செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி டவுன்லோடு எவ்வளவு என்பதல்ல, அப்லோடு எவ்வளவு என்பதுதான். எங்கள் கேபிள் கம்பெனியின் நோட்டீஸில் டவுன்லோடு நம்பர் கட்டை விரல் அளவுக்கு இருந்தது, அப்லோடு எங்கேயும் இல்லை. போன் போட்டுக் கேட்டபோது, "சார், அதெல்லாம் நல்லாவே வரும்" என்றார்கள்.

அந்தக் கனெக்ஷனில் என்னைப் பைத்தியமாக்கியது ஸ்பீடு கூட இல்லை. போன் தானாக போட்டோக்களை பேக்கப் எடுக்க ஆரம்பித்தால் வீடியோ காலில் எதிர்முனையில் இருப்பவர் சிலையாகிவிடுவார். அப்லோடு நிரம்பியதும் டேட்டா பாக்கெட்டுகள் மோடத்தின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வரிசை கட்டி நிற்கும், பிங் (ஒரு செய்தி போய் பதில் வர ஆகும் நேரம்) இருபது மில்லி செகண்டிலிருந்து பல நூறுக்குத் தாவும். கஸ்டமர் கேரில் என்ன சொன்னாலும் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள், அதற்குமேல் அங்கே ஒன்றும் நடக்காது. கடைசியில் எஸ்க்யூஎம் என்ற, இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி உள்ள ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதில் அப்லோடையும் டவுன்லோடையும் உண்மையில் கிடைப்பதில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினேன். கொஞ்சம் ஸ்பீடு போனது, தொல்லை ஒழிந்தது. வேறு கம்பெனிக்கு மாற வழியில்லாதவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள், பிளானை உயர்த்துவதற்கு முன்பே.

மொபைல் டவர் வழி வரும் 4ஜி, 5ஜி ரவுட்டர் பற்றி ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது, அது முழுக்க முழுக்க உங்கள் ஜன்னலையும் அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதையும் பொறுத்தது. ரவுட்டரின் செட்டிங்ஸில் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னல் பலத்தைச் சொல்லும் ஒரு எண் காட்டும்: மைனஸ் 80 பக்கம் இருந்தால் அருமை, மைனஸ் 110 என்றால் இழுபறி. ரவுட்டரை அறை அறையாக நகர்த்தி அந்த எண்ணைப் பாருங்கள், சுவரிலிருந்து ஜன்னலுக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். "அன்லிமிடெட்" என்று இருந்தாலும் எத்தனை ஜிபிக்குப் பிறகு ஸ்பீடைக் குறைப்பார்கள் என்று பொடி எழுத்தில் தேடுங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் சிஜிநாட். உங்களுக்கென்று தனி ஐபி (இணைய முகவரி) கிடையாது, பல வீடுகளுக்கு ஒரே ஐபி. படம் பார்க்க, பிரவுஸ் பண்ண ஒன்றும் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து நேரடியாக வீட்டு கேமராவுக்குள் நுழைவது, வீட்டில் கேம் சர்வர் வைப்பது எல்லாம் படுத்துவிடும். ரவுட்டரில் வான் ஐபி, அதாவது கம்பெனி பக்கத்திலிருந்து அதற்குக் கிடைத்த ஐபி, 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். டவர் மட்டுமல்ல, கம்பி வழி கொடுக்கும் சின்ன ஆபரேட்டர்களும் இப்படித்தான் கொடுக்கிறார்கள், பப்ளிக் ஐபி தனியாகக் கேட்டால் தருவார்களா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சாட்டிலைட்டில் இரண்டு ஜாதி. பழைய வகை பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கிறது. ஒளி போய் வரவே அரை செகண்ட் ஆகும், நடைமுறையில் பிங் 600 மில்லி செகண்டைத் தாண்டும். மெயில் பார்க்கலாம், கூப்பிட்டுப் பேசுவது கஷ்டம். ஸ்டார்லிங்க் மாதிரி தாழ்வாகச் சுற்றுபவை சுமார் 550 கிலோமீட்டரில் இருப்பதால் பிங் கம்பி கனெக்ஷனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. தோட்டத்தில் மரம் மறைத்தால் நொடிக்கணக்கில் அறுபடும், டிஷ் சாதாரண ரவுட்டரைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வேறு எதுவுமே இல்லாத இடத்துக்கு இது வரம்தான், கேபிள் இருக்கும் இடத்தில் ஆடம்பரம்.

எவ்வளவு ஸ்பீடு வேண்டும் என்பதைப் பலரும் மிகையாக நினைக்கிறார்கள். 4கே படத்துக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும், நல்ல வீடியோ காலுக்கு இரண்டு பக்கமும் நான்கு. நோட்டீஸில் இருப்பது மெகாபிட், எட்டால் வகுத்தால்தான் மெகாபைட். 50 நிலையாக வரும் லைன், 300 என்று சொல்லி ராத்திரியில் படுத்துக்கொள்ளும் லைனை விட எவ்வளவோ மேல். அதனால் சேரும் முன் அதே கனெக்ஷன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு, வைஃபையில் இல்லாமல் வயர் போட்டு டெஸ்ட் பண்ணுங்கள், கூடவே கடைசியாக லைன் போனபோது சரிசெய்ய எத்தனை நாள் எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஆள் வராத கம்பெனியின் ஸ்பீடை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் சலுகை முடிந்ததும் கட்டணம் என்ன, இடையில் விட்டால் அபராதம் உண்டா, ரவுட்டர் வாடகையா சொந்தமா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது என்னிடம் கேபிளின் நடுத்தர பிளானும், ஸ்டாண்ட்பைக்கு ஒரு மொபைல் ரவுட்டரும் இருக்கின்றன. ஒன்று போனால் மற்றதற்குத் தானாக மாறும்படி ரவுட்டரில் வைத்திருக்கிறேன். இரண்டு கம்பி கம்பெனிகளை எடுத்து இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கினால் பேக்கப்புக்கு அர்த்தமே இல்லை, லாரி இடித்தால் இரண்டும் சேர்ந்து போகும். கேபிளுக்கு ஐந்தில் மூன்று, மொபைலுக்கு ஸ்டாண்ட்பை வேலைக்கு மட்டும் நான்கு. மெயின் ரோட்டு ஃபைபர் உள்ளே வந்தால் கேபிளை விட்டுவிடுவேன். ஜிபான் என்ற ஃபைபர் பகிர்வு முறையில் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்தாலும் கேபிளை விட நிம்மதி, அப்லோடும் பாதி வழியில் நின்றுவிடாது.