குவான்டிஃபெரான் கோல்ட் பிளஸ்: பயாலஜிக் ஊசிக்கு முன் எடுக்கும் டிபி டெஸ்ட் தேறுமா?

முடக்குவாதத்துக்கு இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற பயாலஜிக் (உயிரணுக்களில் தயாரிக்கும் புரத மருந்து) ஊசி போடும் முன் டிபி பார்த்தே ஆகவேண்டும். உறங்கும் டிபி கிருமியைச் சுற்றி உடல் கட்டும் சுவருக்கு டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம்தான் சாந்து. இந்த ஊசிகள் கரைப்பது அந்தச் சாந்தைத்தான்.

தோலில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் மான்டூ டெஸ்ட் மலிவு. ஆனால் பிசிஜி (டிபி தடுப்பூசி) போட்டவர்களுக்குப் பொய்யாகவும் தடிக்கும். 48–72 மணி நேரத்தில் திரும்பப் போய்க் காட்டவும் வேண்டும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு 5 மிமீ தடிப்பே பாசிட்டிவ். இதை 10 என்று படித்துக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. குவான்டிஃபெரான் ரத்த டெஸ்ட். பிசிஜியில் இல்லாத டிபி கிருமிப் புரதங்களைக் கண்டு ரத்த அணுக்கள் எவ்வளவு இன்டர்ஃபெரான்-காமா சுரக்கின்றன என்று அளக்கும், அதனால் அந்தக் குழப்பம் இல்லை.

இதன் பலவீனம் ரத்தம் எடுக்கும் இடத்தில்தான். சாம்பல் (எதுவும் சேர்க்காத ஒப்பீட்டு டியூப்), பச்சை, மஞ்சள் (இரண்டும் டிபி புரதம் உள்ளவை), ஊதா (அணுக்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் டியூப்) மூடியுள்ள நான்கு டியூப். ஒவ்வொன்றிலும் 1 மிலி. 0.8க்குக் குறையவோ 1.2ஐத் தாண்டவோ கூடாது. உள்சுவர் முழுக்க ரத்தம் படிய 10 முறை குலுக்க வேண்டும்; முரட்டுத்தனமாகக் குலுக்கினால் ஜெல் கலைந்து ரிசல்ட் தப்பாகும். நேரடியாக இந்த டியூப்களில் எடுத்த ரத்தம் 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டருக்குப் போகவேண்டும். அங்கே 16–24 மணி நேரம். வெளியூர் லேபுக்கு அனுப்பும் கலெக்‌ஷன் சென்டர் என்றால், இன்குபேட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொல்லோடு எண்களையும் கேட்டு வாங்குங்கள். எல்லை 0.35 IU/mL, அதை ஒட்டிய மதிப்பு அடுத்த முறை மாறிப்போகலாம். ஊதா டியூபின் மதிப்பு 0.5க்குக் கீழே இருந்து டிபி டியூப்களும் எதுவும் காட்டாவிட்டால் ‘இன்டிடெர்மினேட்’ என்று வரும். அது நெகட்டிவ் அல்ல. அதிக ஸ்டீராய்டு, குறைந்த லிம்ஃபோசைட் (ஒருவகை வெள்ளை அணு), கெட்டுப்போன சாம்பிள் மூன்றுமே காரணமாகலாம். புது ரத்தம் எடுத்துத் திரும்பப் பார்க்கவேண்டும். முடிந்தால் ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

உறங்கும் டிபியா, நடப்பு டிபியா என்று இது பிரித்துச் சொல்லாது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு விசாரணையும் மார்பு எக்ஸ்ரேயும் கூடவே வேண்டும். டெஸ்ட் பாசிட்டிவாகி, நடப்பு டிபி இல்லையென்று உறுதியானால் ஐசோனியசிட் மாத்திரை தினமும் 300 மிகி, பைரிடாக்சினோடு (வைட்டமின் பி6) 6 மாதம். அல்லது ஐசோனியசிட்டோடு (இதற்கு அளவு வேறு) ரிஃபாபென்டைன் சேர்த்து வாரம் ஒருமுறை, 12 வாரம். பயாலஜிக்கை வழக்கமாக இந்த மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்தே தொடங்குவார்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தும் ஓடுகிறதென்றால் கல்லீரல் டெஸ்ட் தவறக்கூடாது.

மாத்திரை முடிந்ததும் ‘குணமாகிவிட்டதா பார்ப்போம்’ என்று இதே டெஸ்ட்டுக்குக் காசு கட்டாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகும் பாசிட்டிவாகவே நிற்பது சகஜம்.