கார் ஸ்கேனர்: மதுரையில் யாருக்கு எது உதவும்

செக் இன்ஜின் லைட் எரிந்தால் எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடும் என நம்பித்தான் பலரும் ஸ்கேனர் வாங்குகிறார்கள். எந்த ஸ்கேனரும் அதைச் சொல்வதில்லை. எந்த அளவு வரம்பைத் தாண்டியது என்பதை மட்டும் இன்ஜின் கம்ப்யூட்டர் குறித்து வைக்கிறது. அதுதான் கோடு எனப்படும் கோளாறுக் குறியீடு. பி0171 (காற்று அதிகம், எரிபொருள் குறைவு) வந்தவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவதும், பி0087 (எரிபொருள் பிரஷர் குறைவு) வந்தவுடன் ஹை பிரஷர் பம்பைக் கழற்றுவதும் பெரும்பாலும் வீண் செலவு. எத்தனை கோடு படிக்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை விடுங்கள். வண்டி ஓடும்போது எந்தெந்த அளவுகளைக் காட்டுகிறது, எவ்வளவு வேகமாகக் காட்டுகிறது என்பதே ஒரு கருவியின் தரம்.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் டாங்கிள்களில் (வண்டியின் சாக்கெட்டில் செருகி போனில் பார்க்கும் சிறு கருவி) அநேகமாக எல்லாமே, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் இஎல்எம்327 சிப்பின் நகல்கள்தான். மூல சிப்பை வடிவமைத்த கனடா நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆனால் நகல்களில் 1.5 என்று அச்சிட்டவையே ஓரளவு உருப்படியாக வேலை செய்கின்றன. 2.1 என்று வருபவற்றில் பல, பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே தருவதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் 4.0 வகையாகக் கேட்டு வாங்க வேண்டும், சாதாரண புளூடூத் டாங்கிள் ஐபோனோடு இணையாது. வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி 2 முறை இந்தியாவில் கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும் டாங்கிள் பேசும் என்பதற்கு உறுதியில்லை.

பேசும் வண்டியில் இந்த மலிவுக் கருவியே நிறையச் சொல்லும். பெட்ரோல் வண்டி ஐடிலில் திணறுகிறது, பி0171 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறியீட்டை உடனே அழிக்காதீர்கள். அழித்தால், கோளாறு விழுந்த நேரத்தின் வேகம், சூடு, லோடு எல்லாம் பதிந்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும். இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டியதும் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் நின்றால் சரி. ஐடிலில் 20க்கு மேல் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 5க்கு இறங்கினால் இன்டேக் பக்கம் வெளிக்காற்றை இழுக்கிறது. வேக்குவம் ஹோஸ், பிரேக் பூஸ்டர் குழாய், மேனிஃபோல்டு கேஸ்கெட் என்ற வரிசையில் தேடுங்கள். மதுரை வெயிலில் ரப்பர் குழாய்கள் சீக்கிரம் வெடித்துவிடும். மாறாக, ஐடிலில் ஒழுங்காக இருந்து, லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை அல்லது ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. ஆக்ஸிஜன் சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது, அதை மாற்றி ஒரு பயனும் இல்லை.

இன்டேக்கில் உள்ள காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சோதிப்பது இன்னும் சுலபம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மதுரையில் 99 அல்லது 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். கொடைக்கானலில் அதே வண்டி 78, 79 காட்டும். மதுரையில் நிற்கும் வண்டி 85 காட்டினால் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

டாங்கிளை வண்டியிலேயே மாட்டிவைப்பது தவறு. சாவியை அணைத்தாலும் 16ஆம் பின்னில் பேட்டரி கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். 40 மில்லிஆம்பியர் இழுக்கும் டாங்கிள் இரண்டு வாரத்தில் 13 ஆம்பியர்-ஹவருக்கு மேல் தின்றுவிடும். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

கையடக்க ஸ்கேனரில் லைவ் டேட்டா மெதுவாகத்தான் வரும். பழைய கார் வாங்கப் போகிறவருக்கு அது போதும். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தில் பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்று வந்தால், சமீபத்தில் யாரோ கோளாறுக் குறியீட்டை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். விலை பேசுமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

டீசல் வண்டி பார்க்கும் பட்டறைக்கு லாஞ்ச், ஆட்டெல் போன்ற டேப்லெட் வகை வேண்டும். இவை படிப்பதோடு நிற்காமல் வண்டிக்குக் கட்டளையும் கொடுக்கும். இழுவை இல்லை என்று வரும் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை பிரஷர் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டியில் கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் பிரஷரையும் உண்மையில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திருமங்கலம் நான்கு வழிச்சாலையில் மூன்றாம் கியரில் நன்றாக மிதித்து ஓட்டச் சொல்லி, திரையை இன்னொருவர் பார்க்கட்டும். 1400 பார் கேட்டு 900 மட்டும் வந்தால் முதலில் டீசல் ஃபில்டர், அதிலுள்ள தண்ணீர், லைனில் காற்று. அடுத்து நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களுக்கும் பாட்டில் மாட்டி எது அதிகம் கக்குகிறது என்று பாருங்கள். பம்பில் கை வைப்பது கடைசியாகத்தான். இன்ஜெக்டரை மாற்றினால் பல வண்டிகளில் அதன் தலையில் உள்ள எண்ணை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். டாங்கிளால் அது முடியாது, ஏற்றாவிட்டால் புது இன்ஜெக்டரே தட்டும்.

பிஎஸ்6 டீசல் வந்தபின் டிபிஎஃப் ரீஜெனரேஷனும் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) இந்த டேப்லெட்டுக்கான வேலையாகிவிட்டது. சிம்மக்கல், கீழவாசல், பெரியார் நிலையம் என்றே சுற்றும் வண்டியில் புகைக்கரி எரியுமளவு சைலன்சர் சூடேறுவதில்லை. கரி அதிகம் சேர்ந்துவிட்டது என்ற பி2463 வந்து நிற்கும். கட்டாய ரீஜெனரேஷன் கொடுக்குமுன் இன்ஜின் ஆயில் அளவையும் டேங்கில் டீசல் கால்வாசிக்கு மேல் இருப்பதையும் பாருங்கள். ஃபில்டர் உள்ளே 600 டிகிரி வரை போகும். கூரைக் கொட்டகைக்குள்ளோ காய்ந்த புல்லின் மேலோ செய்யவே கூடாது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சாரின் குழாய் வெடித்திருந்தாலும் இதே கோடு வரலாம், ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

டேப்லெட்டில் மறைந்திருக்கும் செலவு அப்டேட். தொடக்கத்தில் இலவசமாக வரும் காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மாருதி, டாடா, மஹிந்திரா என்று மெனுவில் பெயர் இருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் அதிகம் பார்க்கும் மாடல் ஒன்றைக் கடைக்கே ஓட்டிப்போய், கேட்கும் பிரஷர், உள்ள பிரஷர், இன்ஜெக்டர் கோடிங் மூன்றும் திரையில் வருகின்றனவா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள்.