‘சேப்பாக்கம் டை டெஸ்ட் பேட்’ விற்கும் ஆளிடம் ஜாக்கிரதை

பழைய கிரிக்கெட் ஆட்டோகிராஃப் சேர்க்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். 1986இல் சேப்பாக்கத்தில் டை ஆன, அதாவது இரண்டு பக்கமும் மொத்த ரன் சமமாகி யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்த டெஸ்டில் ஆடிய இந்திய, ஆஸ்திரேலிய அணிகள் இரண்டும் கையெழுத்துப் போட்ட பேட் என்று சொல்லி ஒருவர் என்னிடம் 42,000 ரூபாய் வாங்கினார். பேட் போலி. பணத்தில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. அந்த ஆள் இப்போது வேறு பெயரில் கடையைத் திறந்துவிட்டார். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த மேட்ச் ஏன் இவ்வளவு விலைக்குப் போகிறது என்பது சின்னப் பசங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டெஸ்ட் வரலாற்றிலேயே இதுவரை இரண்டு ஆட்டங்கள்தான் டை ஆகியிருக்கின்றன. முதலாவது 1960இல் பிரிஸ்பேனில். இரண்டாவது நம் சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பர் 22 அன்று. கொளுத்தும் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 அடித்தார். அவுட்டான பிறகு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். கபில்தேவ் 119. கடைசி நாள் 348 எடுத்தால் ஜெயம் என்ற நிலையில் இந்தியா 347இல் நின்றது. கிரெக் மாத்யூஸ் பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. அது அவுட்டா இல்லையா என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போட ஆள் இருக்கிறார்கள்.

நான் வழக்கமாக நேரில்தான் கையெழுத்து வாங்குவேன். டிஎன்சிஏ (தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம்) லீக் ஆட்டங்கள், ரஞ்சி, வலைப்பயிற்சி, விமான நிலையம். ரஞ்சி ஆட்டத்துக்குப் போனால் பவுண்டரி ஓரமாக நின்று நிதானமாகப் பேசி வாங்கலாம், ஐபிஎல் பக்கம் போனால் கூட்டத்தில் செருப்புதான் தொலையும். இந்தப் பைத்தியம் வயதையும் அந்தஸ்தையும் பார்க்காது. 2023 மே மாதம் இதே சேப்பாக்கத்தில் சுனில் கவாஸ்கர் ஓடிப்போய்த் தன் சட்டையில் தோனியிடம் கையெழுத்து வாங்கியதை எல்லாரும் பார்த்தோம். ஆனால் டீன் ஜோன்ஸ் 2020 செப்டம்பரில் மும்பையில் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்து வேண்டுமென்றால் இனி யாரிடமாவது விலைக்குத்தான் வாங்க வேண்டும். மோசடிக்காரர்கள் கூடாரம் அடித்திருப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில்தான் இந்த பேட்டைப் பார்த்தேன். விற்பவர் சொன்ன கதை இது: அப்போது மைதானத்தில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்ததாம், அவர் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் விற்கிறார்களாம், குடும்பத்தின் பெயரை வெளியே சொல்லக்கூடாதாம். பேட்டின் முன்பக்கம் இந்தியர்கள், பின்பக்கம் ஆஸ்திரேலியர்கள். முன்பக்கப் படம் பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்தை முழுசாகக் காட்டுங்கள் என்று கேட்டேன். மேல் பாதி மட்டும் வந்தது. அதில் பார்டர், பூன், ஜோன்ஸ் தெரிந்தார்கள். வீடியோ கேட்டேன். கை நடுங்கும் ஒரு வீடியோ, சில வினாடிகளில் முடிந்துவிட்டது. ‘பெங்களூர் பார்ட்டி ஒண்ணு ரெடியா இருக்கு சார், நீங்க மெட்ராஸ்காரர்னுதான் வச்சிருக்கேன்’ என்றார். பாதிப் பணம் முன்பணம், மீதி கூரியர் ரசீது காட்டியதும். இரண்டுமே யூபிஐயில். கூடவே ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிய சர்டிஃபிகேட் ஒன்றும் தருவதாகச் சொன்னார்.

பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் படம் பிடித்தேன். இதை எல்லாரும் செய்யுங்கள், பின்னால் புகார் கொடுக்கும்போது இதுதான் கை கொடுக்கும். பேட்டைத் திருப்பிப் பின்பக்கத்தின் கீழ்ப்பாதியைப் பார்த்தேன். மெக்டெர்மாட்டுக்குக் கீழே, அழகான எழுத்தில், இயன் ஹீலி.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கீப்பிங் செய்தவர் டிம் ஜோரர். ஹீலி முதல் டெஸ்ட் ஆடியது 1988இல், பாகிஸ்தானில். யாரோ எண்பதுகளின் கடைசியில் வந்த ஆஸ்திரேலிய அணியின் கையெழுத்துத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் காப்பி அடித்திருக்கிறார்கள். ஸ்கோர்கார்டைப் பார்க்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் கேட்ட அந்தக் கீழ்ப்பாதிப் படம் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

விற்றவரைக் கூப்பிட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. ‘ஹீலி அந்த டூர்ல ரிசர்வ் கீப்பர் சார், அதெல்லாம் ஸ்கோர்கார்டுல வராது’ என்றார். அதுவும் பொய். 1986 செப்டம்பரில் ஹீலி தன் மாநில அணியான குயின்ஸ்லாந்துக்கே ஆடியதில்லை. அதற்குப் பிறகு வந்த 1986-87 சீசனில்தான் அவருடைய முதல் தர ஆட்டமே தொடங்குகிறது. இதைச் சொன்னதும், ‘அப்ப பின்னாடி எப்பவாவது போட்டிருப்பாரு’ என்று கதை மாறியது. பரணில் கிடந்த பேட் ஹீலியைத் தேடிப் போயிற்றா என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்.

பெரியமேட்டில் பேட் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். அவரிடம் கொண்டுபோனேன். கையெழுத்தை அவர் பார்க்கவே இல்லை, பேட்டின் ஓரத்தைத்தான் பார்த்தார். ‘தம்பி, எண்பத்தாறுல எவன்யா இவ்ளோ தடி எட்ஜ் வச்சு ஆடினான்?’ என்றார். உண்மைதான். அந்தக் காலத்து பேட்டுகளின் ஓரம் மெலிசாக இருக்கும். இப்போது ஓரம் தடித்துக்கொண்டே போய், 2017இல் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி விதி போட்டு 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று நிறுத்த வேண்டியிருந்தது. என் கையில் இருந்தது அந்தப் புதுக் காலத்து பேட். பழசு போலக் காட்ட ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பாய் ஈரப் பஞ்சால் ஒரு ஓரத்தைத் துடைத்தார், பஞ்சு பழுப்பாக வந்தது. டீத்தண்ணீராக இருக்கும் என்றார்.

கையெழுத்துகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். வருடக்கணக்கான மை வில்லோ மரத்தில் ஊறி, நார் ஓடும் திசையில் லேசாகக் கசிந்து, வெளுத்துப் போயிருக்கும். இங்கே எல்லாம் பழுப்புக்கு மேலே புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மார்க்கர், ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. இருபத்திரண்டு பேர் ஒரு பேட்டில் கையெழுத்துப் போட்டால் ஒருவர் அவசரத்தில் கிறுக்குவார், ஒருவர் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்குவார், பேனா மாறும். இதில் எல்லாரும் நிதானமாக, இடைவெளி விட்டு, பள்ளிக்கூட நோட்டு மாதிரி எழுதியிருந்தார்கள்.

சர்டிஃபிகேட் விஷயத்துக்கு வருகிறேன், பெரும்பாலானவர்கள் விழுவது அதில்தான். எனக்கு வந்த தாளில் தங்க முத்திரை இருந்தது, ஹோலோகிராம் இருந்தது, வாழ்நாள் உத்தரவாதம் என்று எழுதியிருந்தது. கொடுத்தது யார் என்று பார்த்தால் விற்ற அதே ஆள். தன் சரக்குக்குத் தானே கொடுக்கும் சான்றுக்கு என்ன மதிப்பு? ஹோலோகிராம் ஸ்டிக்கரை ரோல் ரோலாக அச்சடித்துத் தர ஆள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தொண்ணூறுகளில் இந்த வியாபாரம் அளவு மீறிப் போனது. பேஸ்பால் வீரர் டோனி க்வின் தன் பெயரிலேயே போலிக் கையெழுத்து விற்பதைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு பெரிய கும்பலையே பிடித்தது. அதற்குப் பிறகு, 2001இல், அங்கே மேஜர் லீக் பேஸ்பால் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. வீரர் கையெழுத்துப் போடும்போது சாட்சி ஒருவர் பக்கத்திலேயே இருப்பார், பொருளில் எண் போட்ட ஹோலோகிராம் ஒட்டுவார், அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அதாவது அங்கே ஸ்டிக்கருக்குப் பின்னால் நேரில் பார்த்த ஒரு மனிதர் இருக்கிறார். நம் ஊரில் விற்கும் பழைய பேட்டுகளின் ஸ்டிக்கருக்குப் பின்னால் பசை மட்டும்தான் இருக்கிறது.

வீரர் எதிலோ கையெழுத்துப் போடுகிற போட்டோவை ஆதாரம் என்று அனுப்புவார்கள். எனக்கும் அனுப்பினார்கள். டீன் ஜோன்ஸ் வர்ணனையாளராக இருந்த காலத்துப் படம், யாரோ ஒருவருடைய தொப்பியில் போடுகிறார். உங்கள் பேட்டுக்கும் அந்தத் தொப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள். ஃப்ரேம் போட்டு மட்டுமே தருவேன் என்பவரிடமும் வாங்காதீர்கள், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது மையா பிரிண்டா என்று தொட்டுப் பார்க்க வழி இருக்காது. பிரிண்ட் என்றால் லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கையால் போட்ட மார்க்கர் என்றால் கோடு கோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில் மை அடர்த்தியாக இருக்கும். ஆனால் இதெல்லாம் பிரிண்டைத்தான் காட்டிக்கொடுக்கும், கையால் செய்த போலியைக் கண்டுபிடிக்காது. அதற்கு ஸ்கோர்கார்டுதான். பேட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் அந்த மேட்சில், அந்த டூரில் இருந்ததா என்று ஒரு தடவை சரிபாருங்கள். எல்லாப் பெயரும் தெரியும்படி படம் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் விஷயம். வங்கியில் கேட்டேன், நீங்களே யூபிஐ பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது என்றார்கள். 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்தேன். பணம் போன உடனே கூப்பிட்டால்தான் எதிர் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். என் விஷயத்தில் பார்சல் வந்து சேர்வதற்குள்ளேயே நாள் ஓடிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தேன். புகார் எண்ணை விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று சாயங்காலமே 15,000 ரூபாய் வந்தது. ‘மீதி அடுத்த வாரம், கேஸ் எல்லாம் வேணாம் சார்’ என்றார். அடுத்த வாரம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே போடலாம், சம்பவம் நடந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அந்த வெட்கத்தை நம்பித்தான் இவர் பிழைப்பு நடக்கிறது. பேட், பெட்டி, கூரியர் ஸ்லிப், சாட் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

போன வாரம் ஒரு நண்பர் ஒரு புதுப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினார். பெயர் வேறு, நம்பர் வேறு. அதே மர மேஜை, அதே நீல மார்க்கர், சர்டிஃபிகேட்டில் அதே தங்க முத்திரை. இந்த முறை 1983 உலகக் கோப்பை அணி மொத்தமும் கையெழுத்திட்ட பேட். 2023இல் நாற்பதாவது ஆண்டுக் கொண்டாட்டத்தின்போது வாங்கியது என்று எழுதியிருக்கிறார், விலை 65,000. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் யஷ்பால் சர்மாவின் கையெழுத்து. அவர் 2021 ஜூலையிலேயே காலமானவர். ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் புகார் எண்ணோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். யாராவது அந்த பேட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள். ஏற்கனவே அனுப்பியிருந்தால் இன்றைக்கே 1930க்குக் கூப்பிடுங்கள், எனக்கும் எழுதுங்கள், புகாரை ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்போம்.