ஏர்கோனா, காத்தாடியா? ஒரே அறையில் நடுங்கும் பாட்டியும் வியர்க்கும் பேரனும்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தெர்ராஸ் (வரிசை) வீட்டு முன்னறையில் மாமியாரும் என் மகனும் படுக்கிறார்கள். அவன் ஏர்கோனை 18-ல் வைப்பான். நடு ராத்திரி எட்டிப் பார்த்தால், அத்தை இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பார். காலுறை போட்ட பாதத்தைத் தொட்டால் அப்போதும் சில்லென்றிருக்கும். பக்கத்திலேயே அவன் சட்டையில்லாமல் தூங்குவான்.

இதில் யாருடைய பிடிவாதமும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. பூப்பந்து ஆடிவிட்டு வரும் 17 வயதுப் பையனுக்கு அது இன்னும் கூடும். அத்தைக்கு 74. தசை கரைந்துவிட்டது, குளிர்ந்தால் ரத்தக் குழாய் சுருங்கி உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கும் திறனும் தளர்ந்துவிட்டது. வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோதுதான் ரத்தசோகை என்று தெரிந்தது. அந்தக் குறை இருந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குளிர் அதிகமாகத் தெரியும். வீட்டில் யாராவது புதிதாக "குளிருது" என்று சொல்ல ஆரம்பித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சரி, எது நல்லது? 18 டிகிரியை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும், முதியவர்களுக்கு அதற்கும் மேலே தேவைப்படலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அங்கே ஹீட்டர் போட்டு எட்டிப் பிடிக்கும் அளவுக்கு, இங்கே நாம் கரண்டு செலவழித்து இறங்குகிறோம்.

காத்தாடி மட்டும் போதுமா? செலவு என்று பார்த்தால் அதை அடிக்க ஆளில்லை. கூரைக் காத்தாடிக்கு 60, 70 வாட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனுக்குச் சுமார் 800. ஆனால் காத்தாடி அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைத்தான் உலர்த்துகிறது. நம் ஊர் ராத்திரி ஈரத்தில் அதுவும் மெதுவாகத்தான் உலரும். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது வேறு. பத்து மணிக்கும் முன்சுவரில் கை வைத்தால் கதகதவென்றிருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைச் செங்கல் ராத்திரியில் திருப்பித் தரும். பையன் அந்தச் சுவரோரம்தான் படுக்கிறான்.

அதனால் ஏர்கோன் 26-ல், கூடவே அவனைப் பார்த்து ஒரு ஸ்டாண்டு காத்தாடி. காற்று மேலே பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். அந்தக் குறைச்சல் அவனுக்கு மட்டும் கிடைக்கிறது. அத்தையின் கட்டிலை ஏர்கோன் காற்று நேரே விழாத மூலைக்கு நகர்த்தினோம். முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு ஒரே போர்வையில் தூங்குகிறார்.

விளையாடிவிட்டு வந்த அன்றைக்கு அவனுக்கு 26 போதவில்லை. அத்தை படுக்க வரும்வரை 23-ல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். விடிகாலை மூன்று மணிக்கு டைமரில் ஏர்கோன் நின்றுவிடும். சுவரும் அதற்குள் ஆறியிருக்கும்; அவன் பக்கத்துக் காத்தாடி மட்டும் விடியும்வரை ஓடும்.